முப்பத்திரண்டு எழுத்தில் ஓர் உயிர்

அத்தியாயம் ஏழு

டிசம்பர் 5, வியாழன்

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். நேற்று தண்ணீருக்குள் போகும்போது போனில் வைஃபையை அணைக்க மறந்துவிட்டேன். கரண்ட் இல்லாத, டவர் விழுந்துபோன இடத்தில் அது எதையோ தேடித் தேடியே சார்ஜைத் தின்று தீர்த்துவிட்டது. புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அதில் இதுவும் உண்டு. ஐசக் சார் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். எனக்கு அது போதும்.

ஐசக் சார் எங்கள் முதலாளி. மேற்கு தாம்பரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் துப்பறியும் நிலையம். வருகிற வேலையில் பாதி கல்யாண விசாரணை. மழை தொடங்கிய அன்று ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கப் பள்ளிக்கரணைக்குப் போனவர், தண்ணீர் சூழ்ந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆகவே இப்போது நிலையம் என்றால் நானும் எபியும் மட்டுமே. இருவரும் ஒரே மாலைக் கல்லூரியில் பி.காம். எனக்கு எதையும் இரண்டு முறை சரிபார்த்தால்தான் தூக்கம் வரும். எபி ஒரு முறைகூடச் சரிபார்க்காமல் நன்றாகத் தூங்குவான்.

அந்தத் தவறால் ஒரு துப்பு கிடைத்தது என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். போன் உயிரை விடுவதற்குச் சற்று முன் திரையில் வைஃபை பட்டியல் திறந்திருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு பெயர்:

‘முத்து சார் டயாலிசிஸ் ஹெல்ப்.’

நாங்கள் தேடிக்கொண்டிருந்ததும் அவரைத்தான். எபனேசர் நகரில் அவர் தனியாக இருந்த வீடு மூழ்கிவிட்டது; எங்கே ஏறித் தப்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

*

இன்று காலை சர்ச் ஹாலில் இருந்த முகாமில் கெசியா அக்காவிடம் இதைச் சொன்னேன். முத்து சார் என்று நாங்கள் கூப்பிடும் சுவிசேஷமுத்து சாரின் ஒரே மகள். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வண்டலூர்ப் பக்கம் குடித்தனம். மழைக்கு முந்தைய நாளே அப்பாவைக் கூட்டிப்போக நினைத்து, ஆடிட் இருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போட்டார். இப்போது அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

“உயிரோட இருக்காருன்னுதானே அர்த்தம்?” என்றார்.

“பெயர் தெரிஞ்சுதுக்கா. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.”

“நீ ஏன்தான் இப்படி அளந்து பேசுறியோ.” கையிலிருந்த டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தார். “வாரத்துக்கு மூணு டயாலிசிஸ் கிருபா. ரெண்டு தவறிப்போச்சு. நாளைக்கும் போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி சேர்ந்துடும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. சுத்தி அவ்ளோ தண்ணி, உள்ளயும் தண்ணி.”

நோட்டில் ‘நாளை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

“இன்னொண்ணு. போட்ல குடுக்கிற பொட்டலத்துல எல்லாம் வாழைப்பழம் வைக்கிறாங்க. அப்பா அதைத் தொடவே கூடாது. இந்த நிலைமையில சாப்பிட்டா இதயம் நின்னுடும். பார்த்ததும் முதல்ல இதைச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.”

“சொல்றேன்.”

“நானும் வரேன்.”

“வேண்டாம்க்கா. ஆம்புலன்ஸ் வந்தா இங்க ஒருத்தர் இருக்கணும்.”

அது உண்மையான காரணம் அல்ல. அவர் அழுதால் எனக்கு யோசிக்க வராது என்பதுதான் காரணம்.

*

குமரவேல் அண்ணனின் டிராக்டர் சர்ச் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. எபனேசர் நகர் மொத்தமும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். கோடையில் அந்த டிராக்டரில் டேங்க் மாட்டித் தண்ணீர் விற்பார். மழைக்காலத்தில் தண்ணீர் வாங்க ஆள் இல்லாததால் டிரெய்லரில் வெங்காயம் விற்பார். இப்போது டிரெய்லரில் வெங்காயச் சருகுகளுக்கு நடுவில் நானும் எபியும்.

“மேடம், இப்பவே சொல்லிட்றேன். டீசல் ஒரு நடைக்கிதான் கீது. ஏரில இன்னும் தண்ணி தொறக்கப் போறதா பேசிக்கினு கீறாங்க. நான் திரும்புன்னா திரும்பணும்.”

“சரிண்ணா.”

“அண்ணா, நீங்க திரும்புன்னா நான் திரும்புவேன். டிராக்டர் திரும்புமா?” என்றான் எபி.

“உன்ன மட்டும் எறக்கி விட்டுட்டா கண்டிப்பா திரும்பும்.”

ரயில்வே கேட் தாண்டியதும் தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொட்டது. முகாம் ஜெனரேட்டரில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிய போனை வெளியே எடுத்தேன். இந்த முறை வைஃபை வேண்டுமென்றே ஆன்.

“முத்து சாருக்கு இந்த வித்தை எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிக்கிறேன்,” என்றேன். “வயசானவர். ஹாட்ஸ்பாட் பெயரை மாத்தி எழுதினா, பக்கத்துல இருக்கிறவங்க போன்ல நெட் இல்லாமலே தெரியும்னு யார் சொல்லிக் குடுத்திருப்பா?”

எபி தொண்டையைச் செருமினான். “நான்தான்.”

“என்ன?”

“பிசினஸ் மேத்ஸ் அரியர் எழுதினேன்ல, போன வருஷம். சாக்ஸ் உள்ள போன். வெளிய ஜெஃப்ரி நின்னுகினு அவன் ஹாட்ஸ்பாட் பேர்ல ஆன்சர் போட்டான். ஒண்ணு பி, ரெண்டு டி, மூணு ஏ. முப்பத்திரண்டு எழுத்துதான் பிடிக்கும். தமிழ்ல போட்டா ஒவ்வொரு எழுத்தும் மூணு இடம் தின்னும், அதனால இங்கிலீஷ். எல்லாம் நல்லாத்தான் போச்சு.”

“அப்புறம்?”

“சூப்பர்வைசரா வந்தவரு நம்ம முத்து சாரு. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பாவம், பைபிள் படிச்சிகினு இருக்காருன்னு நினைச்சேன். படிச்சது பைபிள் இல்ல, வைஃபை லிஸ்டு. அடுத்த ஆன்சர் வந்துச்சான்னு குனிஞ்சு பாக்குறேன். ஜெஃப்ரி பேரு இல்ல. புதுசா ஒரு பேரு. ‘எபி ஸ்டேண்ட் அப்.’”

“நீ என்ன செஞ்ச?”

“எழுந்து நின்னேன். வேற இன்னா செய்வாங்க?”

குமரவேல் அண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது.

“அந்த ஆளைத்தான் இப்ப நான் காப்பாத்தப் போறேன்,” என்றான் எபி. “அவரு எழுந்து நிக்கிற நிலைமையில இருந்தா சரி.”



*

முதல் தெருவுக்குள் நுழைந்ததுமே என் போனில் அந்தப் பெயர் வந்துவிட்டது. சிக்னல் கோடுகள் முழுதாக.

நான் யோசித்து வைத்திருந்தது இதுதான். சார் தன் செய்தியில் விலாசம் போடவில்லை. ஏன்? ஹாட்ஸ்பாட் ஐந்தாறு வீட்டுக்கு மேல் எட்டாது. அதைப் பார்க்கிறவர் தன் அருகில்தான் இருப்பார். நிமிர்ந்து பார்த்தால் போதும். அப்படிப்பட்டவருக்கு விலாசம் எதற்கு? முப்பத்திரண்டு எழுத்தை ஒரு கணக்கு வாத்தியார் வீணாக்க மாட்டார். ஆகவே கோடுகள் எங்கே நிறைந்திருக்கின்றனவோ அங்கே சார் இருக்கிறார்.

“இங்கதான், நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

இரண்டு பக்கமும் எபி கூவிப் பார்த்தான். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. சார் இல்லை என்று கைகள் ஆடின. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம் என்று வண்டியை நகர்த்தினோம். கோடுகள் குறையவில்லை. இரண்டாவது தெருவுக்குத் திரும்பினோம். குறையவில்லை. மூன்றாவது தெருவிலும் அதே பெயர், அதே முழுக் கோடுகள்.

“கிருபா,” என்றான் எபி மெதுவாக, “சார் நம்ம கூடவே நீந்திகினு வராரா?”

என் கணக்கு எங்கோ உடைந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

ஒரு வீட்டு மாடியில் நின்ற அம்மாள் கொடிக்கயிற்றில் வாளியைக் கட்டிக் கீழே இறக்கினார், நாங்கள் பால் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து. பெயர் பட்டு என்றார். எபி வாளியில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் போட்டான்.

“அம்மா, முத்து சார் இங்கயா இருக்காரு?”

“இங்க இல்லப்பா. பாவம், அவர் பேரைப் போன்ல பார்த்தேன். நானும் போட்டுட்டேன்.”

“போட்டுட்டேன்னா?” என்றேன்.

“என் ஹாட்ஸ்பாட் பேரையும் அதே மாதிரி மாத்தி வெச்சுட்டேம்மா. நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு. மொத நாளு யாரோ ‘பால் வந்தாச்சு’ன்னு போட்டாங்க, அதைப் பார்த்து எல்லாரும் கத்துக்கிட்டோம். ரத்தம் வேணும்னு வாட்ஸப்புல வந்தா அப்படியே அனுப்ப மாட்டோமா? அந்த மாதிரிதான்.”

“அப்படியேவா?”

“அப்படியே. ஒரு எழுத்துகூட மாத்தலை.” அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

எபி என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒரே பெயரில் பத்து ஹாட்ஸ்பாட் இருந்தாலும் எங்கள் போன் அவற்றை ஒரே வரியாகத்தான் காட்டும், அருகில் இருப்பதன் கோடுகளோடு. வீட்டுக்கு வீடு ஒட்டி ஒட்டி, முழு நகரும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தது. விலாசம் வேண்டாம் என்று சார் நினைத்தது சரி. இவ்வளவு நல்லவர்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

“நீங்க யாரைப் பார்த்துப் போட்டீங்க?”

“எதிர் வீட்டு ஷ்யாம்சுந்தர்.”

ஷ்யாம்சுந்தர் எதிர் மொட்டை மாடியில் குடையோடு நின்றிருந்தார். “நான் பின்னாடி வீட்டுக்காரரைப் பார்த்துப் போட்டேன் மேடம்!”

பின் வீட்டுக்காரரை டிராக்டரில் சுற்றிப் போய்க் கேட்டோம். அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: “பட்டம்மா போன்லேர்ந்துதான்.”

“சுத்திப் போய் வாலைக் கடிச்சாச்சு,” என்றான் எபி.

“மேடம்,” என்றார் குமரவேல் அண்ணன், “டீசல் முள்ளு பாதிக்கி வந்துடுச்சி.”

*

மீண்டும் பட்டு அம்மாள் வீட்டடியில் நின்றோம். மழை வலுத்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றாததால், தெரிந்ததை மறுபடி சரிபார்க்கத் தொடங்கினேன்.

“அம்மா, இப்ப உங்க போன்ல வேற என்ன பேரெல்லாம் தெரியுது?”

“ஒண்ணும் தெரியாதே. ஹாட்ஸ்பாட்டப் போட்டா வைஃபை தானா அணைஞ்சுடுது.”

எபியின் போனை வாங்கி ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். வைஃபை அணைந்தது. எங்களுடையதைப் போன்ற விலை குறைந்த போன்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யாது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது.

“எபி, இவங்க எல்லாரும் கத்திட்டிருக்காங்க. கத்துற வரைக்கும் யாருக்கும் காது கேட்காது.”

“புரியுற மாதிரி சொல்லு.”

“சார் முதல் நாள் ஹெல்ப்னு போட்டார். எல்லாரும் அதைக் காப்பி பண்ணி ஆன் பண்ணி வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவர் எத்தனை தடவை மாத்தி எழுதியிருந்தாலும், எந்த மாடின்னே போட்டிருந்தாலும், இங்க ஒரு போன்லயும் தெரிஞ்சிருக்காது. மொத்த நகரும் அவருக்காகக் கத்திக் கத்தியே அவரைக் கேட்காம விட்டுடுச்சு.”

“அப்ப எல்லாரையும் வாய மூடச் சொல்லணும்.”

“ஆமா. எல்லாம் அணைஞ்ச பிறகு எது மிச்சம் இருக்கோ அதுதான் சார்.”

மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பட்டு அம்மாள் தலையை ஆட்டினார். “நான் அணைக்க மாட்டேன். நாளைக்கு மிலிட்டரி போட் வந்து பார்த்தாங்கன்னா? அந்த மனுஷன் பேரு இந்தத் தெருவுல எங்கயாவது இருக்கணும்ல? அவர் போன் செத்திருந்தா, இதான மிச்சம்?”

அவர் சொன்னதில் தவறு இல்லை. சாரின் போன் ஏற்கெனவே அணைந்திருந்தால், நான் அழிக்கப்போவது அவருடைய கடைசிக் குரலை. மறுபடி ஆன் செய்ய இவர்கள் போன்களில் சார்ஜ் இருக்குமா என்பதும் தெரியாது. ஐசக் சார் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். கண்ணாடியைத் துடைப்பார் என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

“அம்மா,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். ஆனா இப்படியே விட்டா அவர் எங்கன்னு யாருக்குமே தெரியாது. அணைங்க.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு போனைக் கையில் எடுத்து விரலால் ஒரு தட்டு. “கர்த்தர் பார்த்துக்கட்டும்” என்று முனகினார். என் போனில் கோடுகளில் ஒன்று குறைந்தது.

மற்ற தெருக்களுக்கு எப்படிச் சொல்வது? எல்லா போனும் செவிடு. குமரவேல் அண்ணன் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பேட்டரி மைக்கை எடுத்தார். வெங்காய வியாபாரத்து மைக். பட்டனை அழுத்தியதும் அவருடைய குரலே முழங்கியது:

“பெல்லாரி வெங்காயம்மா... வாங்க வாங்க... பை எடுத்துனு ஓடி வாங்க...”

மாடிகளில் கதவுகள் திறந்தன. யாரோ நிஜமாகவே பையோடு வந்தார்கள்.

“இத எங்க அமுக்குனா நிக்கும்?” என்று எபி பதறினான்.

“அது நிக்காது. அதும் மேலயே ரெக்கார்டு பண்ணிக்க.”

எபி மைக்கை வாயருகே வைத்துக்கொண்டான். கல்லூரி விழாவில்கூட அவன் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. “எபனேசர் நகர் மக்களே, எல்லாரும் ஹாட்ஸ்பாட்ட ஆஃப் பண்ணுங்க. முத்து சாரைத் தேடறோம். முத்து சார், நீங்க மட்டும் ஆன் பண்ணுங்க. மத்தவங்க யாரும் ஆன் பண்ணாதீங்க.”

அது ஓயாமல் சுழன்றது. தெருத்தெருவாகப் போனோம். ஒவ்வொரு மாடியிலும் குனிந்த தலைகள், போன் வெளிச்சம், பிறகு ஒரு கையசைப்பு. திரையில் அந்தப் பெயர் மங்கும், வேறொரு வீட்டிலிருந்து தலை தூக்கும், மறுபடி மங்கும். ஒரு திருப்பத்தில் அது சுத்தமாக மறைந்தது.

பட்டியல் காலி.

அடுத்த தெரு. காலி. அதற்கடுத்தது. காலி. மைக்கின் பேட்டரி இறங்கி எபியின் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இழுத்தது. பிறகு அதுவும் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

“மேடம்.” குமரவேல் அண்ணன் வண்டியை நியூட்ரலில் போட்டார். “அச்சுக்கு மேல ஏறிடுச்சி. இதுக்கு மேல போனா இஞ்சின்ல தண்ணி பூந்துடும்.”

“கடைசித் தெரு வரைக்கும்ணா. அவ்வளவுதான்.”

அவர் கியரைப் போட்டார்.

கடைசித் தெருவிலும் பட்டியல் காலியாகவே இருந்தது. “நான் தப்பு பண்ணிட்டேன் எபி,” என்றேன். “அவங்க சொன்னதுதான் சரி. கடைசியா மிச்சமிருந்ததையும் நான் அணைச்சுட்டேன்.”

அவன் ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

தெரு முடியும் இடத்தில் வண்டியைத் திருப்புவதற்காகக் குமரவேல் அண்ணன் இன்னும் கொஞ்சம் முன்னே ஏற்றினார். அப்போது திரை அசைந்தது. ஒரே ஒரு கோடு. ஒரு புதிய பெயர்.

‘கெசியா வராதே அப்பா ஓகே.’

இரண்டு முறை படித்தேன். பிறகு எபியிடம் நீட்டினேன். அவனும் இரண்டு முறை படித்தான்.

உதவி கேட்டதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். எப்போது என்று தெரியவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்திருப்பார். மகள் தேடி வருவாள் என்று யோசித்திருப்பார். ஊரே அவருடைய பழைய கூக்குரலைச் சுமந்துகொண்டிருக்க, அவர் தனியாக உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்.

*

தெருவுக்கு அப்பால் ஏரியின் உபரிக் கால்வாய். அதற்கும் அப்பால், கட்டி முடிக்காத ஐந்து மாடிக் கட்டடம். ஜன்னல் இல்லாத ஓட்டைகள், தூண்கள், சாரக்கட்டு மூங்கில். குடியிருப்பவர் யாரும் இல்லாததால் யாரும் அதை நினைக்கவில்லை. எந்தத் தளத்திலும் ஆள் தெரியவில்லை. கால்வாய் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது.

“தாண்ட முடியுமாண்ணா?”

“டிராக்டரு மெதக்கும் மேடம். மெதந்தா நாம நேரா அடையாறுதான்.”

கூவிப் பார்த்தோம். தண்ணீரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் செத்துப்போயிருந்தது.

“உன் போன் பேசட்டும். என் போன் கேட்கட்டும்,” என்றேன். எபி தட்டச்சு செய்தான். முதல் செய்தி என்னவென்று நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன்: ‘நோ பனானா ஃப்ரம் கெசியா.’

ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய வரி அப்படியே நின்றது. பிறகு திடீரென்று அதுவும் மறைந்தது.

“போச்சு,” என்றான் எபி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு நிமிடம் கழித்து மண்டையில் உறைத்தது. “இல்ல! அவர் போனும் செவிடுதானே? கேட்கணும்னா அவரும் பேச்சை நிறுத்தணும். இப்பதான் நிறுத்தியிருக்கார். கேட்டுட்டிருக்கார் எபி!”

காத்திருந்தோம். குமரவேல் அண்ணன் எஞ்சினை அணைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி வந்தது. ‘நோ பனானா. ஒன்லி பன்.’

எபி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அது சார்தானா? வேற யாராவது அவர் போனை வெச்சிருந்தா? எந்த மாடி? நடக்க முடியுதா? போட்ல வர்றவங்களுக்கு நான் சரியாச் சொல்லணும்.”

“ஒரே கேள்வில எல்லாத்தையும் கேக்கவா?” என்றான் எபி. என் பதிலுக்குக் காத்திராமல் தட்டினான். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

‘சார் ஸ்டேண்ட் அப்.’

அவர் வரி மறைந்தது. கேட்கிறார். நாங்கள் மூன்று பேரும் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது மாடியில், இடப்பக்கத்துத் தூணுக்கு அருகே, ஒரு சிமெண்ட் சாக்குக் குவியல் அசைந்தது. அது சாக்கு அல்ல. ஒரு கை தூணைப் பற்றியது. பிறகு இன்னொரு கை. மிக மெதுவாக, தவணை தவணையாக, சுவிசேஷமுத்து சார் எழுந்து நின்றார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. எங்களை நோக்கி ஒரு விரலை ஆட்டினார், பரீட்சை ஹாலில் ஆட்டுவதுபோல. பிறகு தூணோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

எபி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். “நானும் அன்னிக்கு இப்படித்தான் எழுந்தேன்,” என்றான். “கால் ஆடுச்சு.”

மாலையாகிவிட்டது, இன்றைக்கு இனிப் படகு கிடைக்காது. கடைசியாக, ‘போட் டுமாரோ. ஸேவ் சார்ஜ்’ என்று எழுதிவைத்தோம். அவர் படித்தாரா என்று தெரியாது. அதன் பிறகு எந்த வரியும் வரவில்லை. சார்ஜைச் சேமிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

*

தாம்பரம் மேம்பாலத்தின் உச்சியில் மட்டும் ஒரு கோடு சிக்னல் உண்டு. கைப்பிடிச் சுவர் ஓரம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தபடி மனிதர்கள். அங்கிருந்து கோவளத்து மீனவர் படகுக் குழுவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன்: கட்டடம், நான்காம் மாடி, இடப்பக்கத் தூண், நடக்க முடியாது, டயாலிசிஸ். இருட்டில் கரண்ட் கம்பி தெரியாது என்பதால் இன்று வர முடியாது, விடிந்ததும் சர்ச் வாசலுக்கு வருகிறோம் என்று பதில் வந்தது.

கூடவே இன்னொரு எஸ்எம்எஸ், காலையில் அனுப்பப்பட்டு எங்கோ சிக்கிக் கிடந்தது. ஐசக் சாரிடமிருந்து. ‘நான் வரும்வரை எதுவும் செய்ய வேண்டாம்.’

“ரிப்ளை பண்ணிடு,” என்றான் எபி. “‘சரி சார்’னு. அவருக்கும் இது நாளைக்குத்தான் போய்ச் சேரும்.”

முகாமில் கெசியா அக்காவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். முடிவு வரவில்லை. கடைசியில் திரையில் பிடித்து வைத்திருந்த படத்தையே காட்டினேன். ‘கெசியா வராதே அப்பா ஓகே.’

நெடுநேரம் அதைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஓகேன்னு எழுதியிருக்காரா?” என்றார். “எங்கம்மா செத்த அன்னிக்கும் எனக்கு இதையேதான் போன்ல சொன்னாரு.” போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு நான் வரேன். நீ ஒண்ணும் சொல்லாத.”

நாளைய பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

நாளைய வேலை: விடிந்ததும் படகு சர்ச் வாசலுக்கு வரும். எபி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினைத் தயாராக வைக்கச் சொல்ல வேண்டும். கெசியா அக்காவும் நானும் படகில், கால்வாயைத் தாண்டி, நான்காம் மாடிக்கு. பொட்டலத்திலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிட வேண்டும். சாரிடம் போய்ச் சேரும்வரை என் போனில் வைஃபையை அணைக்கக் கூடாது.